எதிர்வீட்டுக்குப் போன கணக்கு வாத்தியார்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பதினான்கிலும் வைஃபை பெட்டி இருந்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், எங்கள் கேபிள்காரருடைய கடையின் பெயர். ஒன்றுக்குக்கூட பாஸ்வேர்டு கிடையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கிற தெரு இது. ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு கம்பெனி பஸ். கேபிள்காரர் வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதே அபூர்வம். அதனால் இணைப்பு கொடுக்க வந்த அன்றே அவரை நிறுத்தி, பாஸ்வேர்டு போட வேண்டாமா என்று கேட்டேன்.

"போட்டா பேஜாருக்கா," என்றார். "நீங்க மறந்துடுவீங்க. அப்பால ஞாயித்துக்கிழமகூட எனக்குத்தான் போன் வரும். தெறந்தே கெடக்கட்டும், எல்லாம் நம்ம ஜனந்தானே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தால் போனில் சிக்னல் கோடு குறையவே குறையாது. ஒரு வீட்டுப் பெட்டி விட்ட இடத்தில் அடுத்த வீட்டுப் பெட்டி பிடித்துக்கொள்ளும். யார் வீட்டு வைஃபையில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ஆரணியில் இருக்கும் என் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எங்க தெருவே ஒரு ஊடு மாதிரி என்று.

இனி என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்பு பாஸ் இல்லை. கணக்கில் இருபத்தேழு. பெண் பார்க்க வந்தபோது அம்மா "பத்து பாஸ்" என்று சொல்லிவிட்டாள், நான் தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளர்களை எடுத்துவைத்தேன். அம்மா சொன்னது ஒரு பொய் என்றால் அதற்கு உரம் போட்டு வளர்த்தது நான். என் மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வரும்போதெல்லாம், "நான் படிக்கிற காலத்துல எண்பது" என்று சொல்லியிருக்கிறேன். எண்பது என்று எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. அவள் இப்போது வெளியூர் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள், அந்த எண்பதை அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

என் கம்பெனியில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிறார்கள். பெல்ட்டில் ஓடிவருகிற மூடிகளில் ஓரம் சரியில்லாததைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் ஆறு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்று பேச்சு வந்தது. ஆபீஸில் கூப்பிட்டு, "பத்து பாஸ் தானேம்மா?" என்று கேட்டார்கள். என் தலை தானாக ஆடியது. "அப்ப அவர் ரிட்டையர் ஆகறதுக்குள்ள சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து குடுத்துடுங்க," என்றார் அதிகாரி.

வீட்டுக்கு வந்து பெருமை தாங்காமல் கணவரிடம் சொல்லிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"சர்டிபிகேட்டு எங்க வெச்சிக்கீறே?" என்று கேட்டார்.

"ஆரணில, அம்மா ஊட்ல."

"ஞாயித்துக்கிழம போயி எத்துக்கினு வந்துடறேன்."

ஒரு ஞாயிறு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அடுத்த ஞாயிறு பீரோ சாவி தொலைந்துவிட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, வாரா வாரம் சோறும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். தனித்தேர்வராக அந்தக் கணக்குப் பரீட்சையை எழுதி, பாஸ் செய்து, சர்டிபிகேட்டை வாங்கி, இதுதான் அது என்று நீட்டிவிட வேண்டியது. போட்டோ, ஆதார், பழைய மார்க் ஷீட் எல்லாவற்றையும் படம் பிடித்து, தெருமுனையில் நின்றபடியே பிரவுசிங் சென்டர்காரருக்கு மெயிலில் அனுப்பினேன். அவர் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது படிப்பு. கணவருக்கு மதிய ஷிஃப்ட் என்றால் இரண்டு மணிக்குப் போய் இரவு பத்தரைக்குத்தான் வருவார். நான் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். போனில் ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடித்தேன். கனத்த மீசை, பொறுமையான ஆள், ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்வார். என் கண்ணுக்குப் போன் எழுத்து எட்டவில்லை என்பதால் அவரை டிவிக்கு அனுப்பிப் பார்ப்பேன். ஒரு பொத்தானை அமுக்கினால் போனில் ஓடுவது டிவியில் ஓடும். ஆனால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடாத நாளில் டிவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனிலேயே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பேன்.

எதிர்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அம்மாளை நான் முதலில் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வாசலில் கட்டிய நட்சத்திர விளக்கு பொங்கல் முடிந்தும் இறங்கவில்லை, மாசி பிறந்தும் இறங்கவில்லை. மினுக் மினுக்கென்று என் படுக்கையறை ஜன்னலுக்குள்ளேயே அடித்தது. கேட்டேன். "உங்க கோயில்ல ஆடி மாசம் பூரா எங்க ஊட்டப் பாத்து ஸ்பீக்கர் கட்டுனீங்களே, நான் எதுனா கேட்டனா?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டாள். அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபம். அன்றிலிருந்து அக்கா போய் "அந்தம்மா" ஆகிவிட்டாள். ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டில் ஜெபக்கூட்டம். வாசலில் இருபது ஜோடி செருப்பு. டிவியில் பாட்டின் வரிகளை ஓட்டி, அதைப் பார்த்து எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாத்தியாரை டிவிக்கு அனுப்பினேன். டிவி சும்மா நின்றது. சத்தமும் இல்லை. போனில் வால்யூமைக் கூட்டினேன்.

எதிர்வீட்டில் பாட்டு நின்றது. "வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து அந்த வட்டத்துக்கு எத்தனை தொடுகோடு வரையலாம்?" என்று ஒரு கணீர்க் குரல் தெருவுக்கே கேட்டது. எனக்குத் தெரிந்த குரலாக இருக்கிறதே என்று யோசித்தபடியே இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எதிர்வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடியது. அந்தக் கூட்டத்துக்குள் இருந்து ஒரு பெண்குரல் "ரெண்டு" என்று பதில் சொன்னது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைப் பிடுங்கி அணைத்தேன், பெட்டியின் வயரையும் உருவினேன், போதாததற்கு ஹால் விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருத்தி என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி. இது என் வேலை என்று அவளுக்குத் தெரிந்தால் மறுநாள் மதியம் அவர்கள் கம்பெனி கேன்டீனுக்கே போய்விடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றிய மானத்தை ஒரு தொடுகோடு கொண்டுபோகப் பார்த்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்தேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள், எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். என்னைவிட பதினைந்து வயது சின்னவள், ஆனால் வாய் ரொம்ப நீளம். கணக்கு வாத்தியார் என்று சொல்லாமல், ஏதோ வீடியோ எதிர்வீட்டு டிவிக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

போனை வாங்கிப் பார்த்தாள். "ஜன்னல் ஓரம் உக்காந்தீங்களா? அங்க எதிர்வூட்டு லைன் தூக்கலா கெடச்சிருக்கும். பேரு ஒண்ணுதானே, உங்க போன் அதுல போயி ஒட்டிக்கிச்சி. ரெண்டு ஊட்லயும் ஒரே கம்பெனி டிவியா?"

தீபாவளி ஆஃபரில் தெருவே ஒரே கம்பெனி டிவிதான் வாங்கியது.

"அப்ப சரியாத்தான் போயிருக்குது. வீடியோ போனா போவுது. பூட்டு போடாத லைன்ல வேற இன்னா இன்னா பண்ணீங்க?"

மெயிலில் ஆதார் அனுப்பியதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அக்கா, இந்த பஸ்ல ஸ்பீக்கர்ல போட்டு போன் பேசறாங்களே, அந்த மாதிரி அது. கேக்கணும்னு நெனைக்கறவன் கேப்பான். அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் போட்ட சைட்டா இருந்தா கொஞ்சம் பரவால்ல, உள்ள போறது மூடிக்கினு போவும். ஆனா எவனோ ஒருத்தன் இதே பேருல ஒரு பெட்டிய வெச்சிக்கினு உங்க தெருமுனைல நின்னான்னு வைங்க, உங்க போன் ஒரு வார்த்த கேக்காம அவன்கிட்ட போயிடும். அப்பால அவன் காட்டறதுதான் உங்களுக்கு சைட்டு."

பாலுக்கு நிற்கும்போதெல்லாம் என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அந்த பஸ்ஸிலேயே மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற வசதியை நிறுத்தினேன். பழைய வைஃபை பெயருக்கு எதிரே 'மறந்துவிடு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதையும் அமுக்கினேன். ஆதார், பேங்க் மாதிரி வேலை எதுவானாலும் சொந்த டேட்டாவில்தான் செய்ய வேண்டும், பெட்டிக்கு இன்றைக்கே பூட்டுப் போட வேண்டும், பெட்டியின் பெயரையும் மாற்ற வேண்டும் என்றாள்.

"எங்க நைனாவும் இப்டித்தான். பஸ் ஸ்டாண்டுல ஓசில கெடைக்குதுன்னு பேங்க்கு வேல பாத்துக்கினு இருந்தாரு. போன புடுங்கி வெச்சிட்டேன்," என்றாள். அவளிடமிருந்து போனைத் திரும்ப வாங்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கேபிள்காரரை அன்றைக்கே வரவழைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே பெயரை மாற்றினார். "பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே போட்டுடட்டா?" என்றார். என் போன் நம்பர் ஏலச்சீட்டு நோட்டீஸ் வரைக்கும் ஊர் முழுக்க இருக்கிறது. வேண்டாம் என்று நானே ஒன்றைச் சொன்னேன். அது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன், அந்த அளவுக்குப் புத்தி வந்துவிட்டது. அவர் போட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிற கரன்ட் கார்டின் மேல் என் புது பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க மறந்துட்டா பாத்துக்கலாம்லக்கா."

ரீடிங் எடுக்க வருகிறவர், கேஸ் கொண்டுவருகிறவர், கூரியர்காரர் எல்லோரும் நின்று படிக்கிற இடம் அது. அவரை மறுபடி உள்ளே இழுத்துப்போய், மறுபடி மாற்றவைத்து, பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வாத்தியார் ஒழுங்காக என் டிவியில் மட்டும் வந்தார். டிவியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அத்தனை நாள் அது வாங்கிய அடிதான் பாவம். எதிர்வீட்டிலிருந்து ஒரு பேச்சும் கிளம்பவில்லை. கணவரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அந்தம்மா. ஜெபக்கூட்டத்தைக் கெடுத்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, நட்சத்திர விளக்கிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "மூணு நாளா வாத்தியார காணோமே. இன்னா ஆச்சி?"

எந்த வாத்தியார் என்று இழுத்தேன்.

"அந்த தொடுகோடு பாதில நிக்குது. மீதிய எப்ப போடுவே?"

விஷயம் இதுதான். என் டிவி ஓடாத நாளெல்லாம் வாத்தியார் அவள் டிவியில் ஓடியிருக்கிறார், ஒரு மாதத்துக்கு மேலாக. முதல் நாள் பயந்துபோய் அணைத்திருக்கிறாள். இரண்டாம் நாள் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் நோட்டு வாங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை "ரெண்டு" என்று பதில் சொன்னதும் அவள்தான், பழக்க தோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டதாம்.

"நான்தான்னு எப்டி தெரியும்?" என்று கேட்டேன்.

"உன் ஊட்டு குக்கர் மூணு விசில் அடிச்சா வாத்தியார் வாய மூடிக்கறாரு. அப்பால ரெண்டு நிமிஷம் கழிச்சி பேசறாரு. இதுக்கு பெரிய படிப்பு வேணுமா?" என்றாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "நானும் அதுலதான் போனேன். பத்தொம்பது மார்க்கு. எனக்கு எந்த வேலயும் வேணாம், பதவியும் வேணாம். அந்த கணக்கு என்னிய ஜெயிச்சிட்டு போயிடுச்சி, அத்த வுடக்கூடாது. அந்த பாஸ்வேர்ட குடேன்."

"பாஸ்வேர்டு குடுக்க மாட்டேன்," என்றேன். "உள்ள வந்து உக்காந்து பாருக்கா."

அக்கா என்று வாயில் வந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். அவளும் கவனிக்காதது போல உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் செய்து சர்டிபிகேட்டை வாங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று என் திட்டத்தையும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எந்த மாசம் எந்த வருசம் பாஸ் பண்ணேன்னு அதுல அச்சடிச்சி குடுப்பானே. அத்த எத்தப் போட்டு மூடுவே?"

இரண்டு மாதமாகத் தொடுகோடும் முக்கோணமும் படிக்கிறவளுக்கு இது தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது, இனி வீட்டில் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். பிரவுசிங் சென்டருக்கு அவளுடைய காகிதங்களைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பம் போட்டோம். அவள் வேலை முடிந்தது. என் வேலை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது.

அன்று காலை கணவர் ஆரணிக்குப் போகிறேன் என்று வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். அங்கே ஒன்றும் இல்லை என்றேன். எங்கேயுமே இல்லை என்றேன். முழுவதையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"எத்தினி மார்க்கு?" என்றார்.

"இருபத்தேழு."

"நீ கணக்கு தெரிஞ்சவளா இருந்தா என்னிய கட்டிக்கினு இருப்பியாம்மே?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பேன், இவருக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்று கத்தினேன், கத்திக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருசமா இத்த நீ ஒருத்தியேவா தூக்கிக்கினு இருந்தே," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய சிரிப்பை மன்னித்தேன்.

மகளுக்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்த எண்பது?" என்று கேட்டாள். "அத்த வுடு, நீ நாஷ்டா துன்னியா?" என்று கேட்டேன். ஹாஸ்டலில் அவள் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் போடாமலே எங்கள் ஹாலுக்குக் கேட்டது.

பரீட்சை எழுதினோம். நான் தொடுகோட்டை விட்டேன், அக்கா அதைப் போட்டாள். ரிசல்ட் அன்று காலையில் அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது, எல்லோருக்கும் முன்னால் ரிசல்ட் பார்க்கலாம், இந்த லிங்கில் நம்பரைப் போடு என்று. போட விரல் வைத்துவிட்டாள். பள்ளிப்பட்டுப் பெண் மாதிரியே நானும் போனைப் பிடுங்கினேன். பொறுத்திருந்து, அரசாங்கத்தின் சைட்டுக்கு, என் சொந்த டேட்டாவில் போய்ப் பார்த்தோம். எனக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தேழு.

"முப்பத்தஞ்சி போதும்னாங்க. ரெண்டு வேஸ்ட்டு," என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

சர்டிபிகேட் கைக்கு வந்த மறுநாளே ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அதிகாரி அதை வாங்கி, பெயரைப் பார்த்தார், பிறகு வருஷத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இந்த வருஷம் பாஸ் பண்ணதாம்மா?"

"ஆமா சார். அன்னிக்கி நீங்க கேக்கசொல்லோ நான் பாஸ் இல்ல. தப்புதான் சார்."

அவர் சர்டிபிகேட்டை மேஜைமேல் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதற்கும் தயாராகத்தான் நின்றேன். "கெடுவுக்குள்ள கொண்டாந்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். முடித்ததும், சரிபார்த்துக்கொள்ளச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி. கல்யாணத்திலிருந்து நான் சொல்லிவந்த அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை.

"சரியா இருக்காம்மா?" என்றார்.

"இப்ப சரியா இருக்குது சார்," என்றேன்.